இடுப்பு ஒபரேசனுக்குப் பிறகு: படுக்க வைப்பதா, நடக்க வைப்பதா?

நமது தோட்டங்களில் வயது போனவர்கள் விழுவது புதிய காரியம் அல்ல. மழை நாளில் பீலிக்கரையில் வழுக்கி விழுகிறார்கள். விடியற்காலை இருட்டில் கக்கூசுக்குப் போகும்போது வாசற்படியில் தடுக்கி விழுகிறார்கள். அநேகம் பேர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் 60, 65 வயது தாண்டிய சிலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அந்த ஒரு விழுகையிலேயே தொடை எலும்பின் மேல்முனை முறிந்து விடுகிறது. நாம் "இடுப்பு முறிஞ்சிருச்சு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

விழுந்த அன்று செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். விழுந்தவரின் கால் மற்றக் காலைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், தொடை இடுக்கில் நோவு என்று சொன்னால், எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசு இல்லாமல் வரும். சிலருக்கு முறிந்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்பதால் நொண்டி நொண்டி நடக்கவும் முடியும். அதனால் "நடக்கிறாங்களே, ஒண்ணும் இல்ல" என்று விட்டு விடக்கூடாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். "இந்த வயசுல ஒபரேசன் எதுக்கு?" என்று கையெழுத்துப் போடத் தயங்குகிற மகன்மார் இருக்கிறார்கள். வயதானவரைப் படுக்கையில் இருந்து எழுப்புவதற்காகத்தான் அந்த ஒபரேசனே செய்யப்படுகிறது. ஓரிரு நாளுக்குள் செய்வது நல்லது என்றுதான் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

இந்தப் பாடம் அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றியது. ஒபரேசன் நல்லபடி முடிந்து, துண்டு வெட்டி, லயத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு சிலர் மூன்று மாதத்தில் இஸ்தோப்பு வரை நடந்து வந்து வெயிலில் உட்காருகிறார்கள். சிலர் அதே மூன்று மாதத்தில் படுக்கையோடு படுக்கையாகி விடுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஒபரேசன், ஒரே மாதிரி வயது. படுக்கையில் விழுந்தவரை வீட்டார் கவனிக்காமல் விட்டார்களா என்று பார்த்தால், அப்படியும் இல்லை. அதிகமாகக் கவனித்திருக்கிறார்கள். "அம்மாயிய அசைக்காதீங்க, எலும்பு நகந்துரும்" என்று சோற்றை வாயில் ஊட்டி, தண்ணீரைக் கையில் கொடுத்து, திரும்பிப் படுக்கவும் விடாமல் காவல் காத்திருக்கிறார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. முந்திய காலத்தில் இடுப்பு முறிந்தவர்களைக் காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்துத்தான் வைத்தியம் செய்தார்கள். அதைப் பெரியாஸ்பத்திரி வார்ட்டில் கண்ணால் கண்டவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அந்த முறையில் எலும்பு பொருந்தினாலும், படுத்திருந்த காலத்தில் சளி கட்டி, முதுகில் புண் வந்து, பலர் எழுந்திருக்கவே இல்லை. பிறகுதான் எலும்பைக் கம்பியும் பிளேட்டும் வைத்து இறுக்குவதும், உடைந்த உருண்டையை எடுத்துவிட்டு உலோக உருண்டை வைப்பதும் பரவலாகின. குண்டும் கிண்ணமும் இரண்டையுமே மாற்றுகிற முழு மூட்டு ஒபரேசனை இங்கிலாந்தில் ஜோன் சான்லி என்ற வைத்தியர் 1960களின் தொடக்கத்தில் செய்து சீர்ப்படுத்தினார். இரும்பு வைப்பதே உடனே எழுந்து நிற்பதற்காக. இரும்பும் வைத்து, பழைய காலம் போலப் படுக்கவும் வைத்தால் இரண்டு முறையின் நன்மையும் கிடைக்காமல் போய்விடும்.

படுத்தே இருந்தால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும். தொடைச் சதை வேகமாகக் கரைகிறது. கெண்டைக்காலில் இரத்தம் ஓடாமல் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி பிரிந்து நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நுரையீரலின் அடிப்பக்கம் சளி சேர்ந்து காய்ச்சல் வருகிறது. முதுகு, பிட்டம், குதிகால் இவற்றில் அழுத்தம் பட்ட இடம் முதலில் சிவந்து, பிறகு கறுத்து, பிறகு புண்ணாகி விடுகிறது. மலச்சிக்கல் வருகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் பொது மருந்து எழுந்து உட்காருவதும், நிற்பதும், நடப்பதும்தான்.

வார்ட்டை விட்டு வரும் முன்பு கேட்க வேண்டியவை

வீட்டுக்கு வரும் முன் மூன்று கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். உள்ளே வைத்தது பிளேட்டும் ஆணியுமா, அல்லது புது உருண்டையா? அந்தக் காலில் எவ்வளவு பாரம் போடலாம்? கிளினிக்குக்கு என்றைக்கு வர வேண்டும்? வார்ட்டில் சிங்களத்தில் சொல்லுவார்கள், டயக்னோசிஸ் கார்டில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதனால் வீட்டுக்கு அழைத்து வருகிற அன்று சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்தால் பிறகு மலையில் இருந்து இறங்கிப் போய்க் கேட்பது கஷ்டம். கார்டை தோட்டத்து மருந்துக்காரரிடம் காட்டினால் வாசித்துச் சொல்லுவார்.

இந்தப் பதில்கள் ஏன் முக்கியம் என்றால், புது உருண்டை வைத்தவர்கள் பெரும்பாலும் ஒபரேசன் முடிந்த மறுநாளே பாரம் போட்டு நிற்கலாம். ஆனால் அவர்களுக்கு உருண்டை குழியை விட்டு நழுவும் பயம் கொஞ்ச காலம் உண்டு. பிளேட்டு வைத்தவர்களுக்கு நழுவும் பயம் கிடையாது. ஆனால் முறிந்த எலும்பு பொருந்த வேண்டும். சிலருக்கு முழுப் பாரம் போடச் சொல்லுவார்கள், சிலருக்குக் கால் நுனியை மட்டும் தரையில் தொட்டு நடக்கச் சொல்லுவார்கள். பக்கத்து லயத்துக்காரருக்குச் சொன்னதை நம் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

ஒபரேசன் முடிந்து முதல் சில நாட்கள் சில வயதானவர்கள் குழப்பமாகப் பேசுவார்கள். செத்துப்போனவர்களைக் கூப்பிடுவார்கள், இராத்திரியில் ஊசி வயரைப் பிடுங்குவார்கள். இதைக் கண்டு பயந்து கோவிலுக்கு ஓடி, கயிறு மந்திரித்துக் கட்டுகிறார்கள். கட்டுவதில் குற்றம் இல்லை. ஆனால் இது மயக்க மருந்து, நோவு, காய்ச்சல், தண்ணீர் குறைவு, புது இடம் இவற்றால் வருகிற தடுமாற்றம். தாதிமாரிடம் உடனே சொல்ல வேண்டும். பழகிய முகம் பக்கத்தில் இருப்பதும், மூக்குக் கண்ணாடியைப் போட்டு விடுவதும், "இன்னைக்குச் செவ்வாக்கெழமை, நான் ஒங்க மருமக" என்று மெதுவாகச் சொல்லிக் கொண்டிருப்பதும் பெரிய உதவி. பெரும்பாலும் சில நாளில் தெளிந்து விடும்.

காம்பராவைத் தயார் செய்தல்

நம் லயக் காம்பராக்கள் நோயாளிக்காகக் கட்டப்பட்டவை அல்ல. இருந்தாலும் அவர் வந்து சேரும் முன்பு அரை நாள் வேலை செய்தால் போதும்.

முதலில் பாயைச் சுருட்டி வையுங்கள். புது உருண்டை வைத்தவர் தரையில் படுத்து எழும்பவே கூடாது. கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் அடியில் செங்கல்லோ பலகையோ வைத்து, அசையாதபடி உயர்த்துங்கள். அளவு சொல்வது சுலபம். கட்டிலில் உட்காரும்போது பாதம் தரையில் பட வேண்டும், முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். கதிரைக்கும் இதே அளவுதான். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் கதிரையில் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டால் சரியாக வரும். இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான். குனிந்து தரையில் கிடப்பதை எடுப்பது, சம்மணம் கொட்டி உட்காருவது, கால் மேல் கால் போடுவது, நின்ற இடத்தில் அந்தக் காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்புவது ஆகியவையும் கூடாது. சாதாரணமாக மூன்று மாதம் வரை இந்தக் கட்டுப்பாடு இருக்கும். வைத்தியர் முன்னாலேயே விட்டால் விடலாம். படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்தால் தூக்கத்தில் கால் பின்னிக்கொள்ளாது.

இஸ்தோப்பிலும் காம்பராவிலும் கால் துடைக்கிற சாக்கு, விறகுக் கட்டு, பிள்ளைகளின் செருப்பு எல்லாவற்றையும் ஓரத்தில் ஒதுக்குங்கள். இராத்திரிக்குச் சின்ன பல்பு ஒன்று எரியட்டும். அந்தக் கரண்டுக் காசைப் பார்த்தால், மற்ற இடுப்பும் முறிந்து திரும்ப வார்ட்டுக்குப் போகிற செலவை யார் பார்ப்பது? தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். பின்பக்கம் பட்டி உள்ளது நல்லது.

இனி, யாரும் வாய் திறந்து பேசாத ஒரு விஷயம். நம் கக்கூசு எல்லாம் குந்தி இருக்கிற மாதிரி உள்ளவை. இடுப்பு ஒபரேசன் செய்தவர் குந்த முடியாது, குந்தவும் கூடாது. அதுவும் அநேக இடங்களில் கக்கூசு லயத்துக்குப் பின்னால், படி இறங்கிப் போகிற இடத்தில் இருக்கிறது. இதற்கு வழி செய்யாவிட்டால் அம்மாயிமார் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மருமகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்து விடுகிறார்கள். "தாகம் இல்லம்மா, போதும்" என்று சொல்லிவிடுவார்கள். சோற்றையும் பாதி ஒதுக்கி வைப்பார்கள். நாலு நாளில் மலம் கட்டி, சிறுநீர் எரிந்து, காய்ச்சல் வந்து, பேச்சும் தடுமாறும். ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டு போக வேண்டியதாகி விடும். எலும்பில் ஒரு குறையும் இருக்காது. காரணம் வெட்கம்.

இதற்குச் செலவு அதிகம் இல்லை. கொமட் கதிரை வாங்க வசதி இல்லாதவர்கள், கெட்டியான மரக் கதிரை ஒன்றின் நடுப்பலகையில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஓரத்தை உரசி மழுப்பி, கீழே மூடியுள்ள வாளி வைத்தால் போதும். தச்சு வேலை தெரிந்த ஒருவர் ஒரு பின்னேரத்தில் செய்து கொடுப்பார். பிளாஸ்டிக் கதிரையை வெட்டினால் கால் விரிந்து முறிந்து போகலாம், அது வேண்டாம். காம்பரா மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி அதற்குப் பின்னால் வையுங்கள். அந்தத் திரை முக்கியம். ஆண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் திரை இல்லாவிட்டால் கதிரை இருந்தும் அவர் உட்கார மாட்டார்.

நடையும் பயிற்சியும்

கதிரையில் இருந்து எழும்ப ஒரு முறை உண்டு. முதலில் கதிரையின் முன் ஓரத்துக்கு நகர வேண்டும். ஒபரேசன் செய்த காலைக் கொஞ்சம் முன்னால் நீட்ட வேண்டும். இரண்டு கையாலும் கதிரைக் கைப்பிடியை அழுத்தி எழும்ப வேண்டும். வோக்கரைப் பிடித்து இழுத்து எழும்பினால் அது தன் மேலேயே சாயும். வீட்டார் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் சரியில்லை. தோள் மூட்டு நோகும், அவர் பழகவும் மாட்டார். அந்தப் பக்கத்தில் நின்று, இடுப்பில் கட்டிய துண்டையோ பெல்ட்டையோ பிடித்துக் கொண்டால் போதும்.

நடக்கும்போது முதலில் வோக்கர், அடுத்தது ஒபரேசன் செய்த கால், கடைசியில் நல்ல கால். முதல் நாள் கட்டிலில் இருந்து வாசல் வரை. இரண்டாம் நாள் வாசலைத் தாண்டி. ஒரே மூச்சில் நீண்ட தூரம் போவதைவிட, ஒரு நாளில் ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது நல்லது. நடந்த பிறகு கொஞ்சம் நோவதும், பின்னேரத்தில் கால் கொஞ்சம் வீங்கி, காலையில் வற்றிப் போவதும் சாதாரணம். நோவு மாத்திரையை நடப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பு கொடுத்தால் நடக்கத் தெம்பு வரும். "மாத்திரை உடம்புக்குச் சூடு" என்று ஒளித்து வைத்து, நோவு தாங்காமல் படுத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. வைத்தியர் சொன்ன அளவுக்கு மேலும் கொடுக்க வேண்டாம்.

பயிற்சிகளைத் தேத்தண்ணி நேரத்தோடு சேர்த்து விடுங்கள். விடியற்காலை ஒன்று, பகல் ஒன்று, பின்னேரம் ஒன்று. அப்போது மறக்காது. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது முதலாவது. இதை மட்டும் விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் 10 தடவை செய்யலாம். கெண்டைக்கால் இரத்தத்தை மேலே தள்ளுகிற பம்பு இதுதான். அடுத்து, முழங்காலைக் கட்டிலில் அழுத்தித் தொடைச் சதையை இறுக்கி 5 எண்ணும் வரை வைத்து விடுவது. பிட்டத்தையும் அதே போல இறுக்கி விடுவது. பிறகு குதிகாலை மெத்தையில் தேய்த்தபடி முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நீட்டுவது. குதிகாலுக்குக் கீழே ஒரு சொப்பிங் பையை விரித்தால் வழுக்கிக்கொண்டு சுலபமாகப் போகும். கதிரையில் உட்கார்ந்திருக்கும்போது முழங்காலை நேராக நீட்டி, எண்ணி, இறக்குவது. ஒவ்வொன்றும் 10 தடவை. மூச்சை அடக்கக் கூடாது. சத்தமாக எண்ணினால் மூச்சு தானாக வரும். பள்ளிக்கூடத்தால் வந்த பேரப்பிள்ளையை எண்ண விடுங்கள். பிள்ளை எண்ணினால் பாட்டிமார் ஏமாற்ற மாட்டார்கள், பிள்ளையும் விடாது.

நிற்கப் பழகிய பிறகு, அசையாத கட்டில் சட்டத்தையோ ஜன்னல் ஓரத்தையோ பிடித்துக்கொண்டு அந்தக் காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்கும் பயிற்சிதான் எல்லாவற்றிலும் பெரியது. இடுப்பின் பக்கவாட்டுச் சதை நாம் ஒரு காலில் நிற்கும்போது உடம்பைச் சாயாமல் பிடித்து வைக்கிறது. ஒபரேசன் செய்யும்போது அந்தச் சதையும் களைத்துப் போகிறது. அது பலப்படாவிட்டால் எலும்பு பொருந்தி ஒரு வருடம் ஆனாலும் வாத்து மாதிரி ஆடி ஆடித்தான் நடக்க வேண்டும். உடம்பைச் சாய்க்காமல் நிமிர்ந்து நின்று கொஞ்சம் தூக்கினாலும் போதும். சாய்ந்துகொண்டு உயரத் தூக்குவதில் ஒன்றும் இல்லை. படுத்தபடி காலை நேராக மேலே தூக்குகிற பயிற்சியைப் பிசியோதெரபிக்காரர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

வோக்கரை விட்டுக் கம்புக்கு மாறுகிற நேரம் வரும். அந்த நேரத்தில் பத்துப் பேரில் பாதிப் பேர் கம்பைப் பிடிப்பது பிழையான கையில். நோவுகிற பக்கத்துக் கையில்தான் கம்பு இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வலது இடுப்பில் ஒபரேசன் என்றால் கம்பு இடது கையில். கொழுந்து மூட்டையை இரண்டு பேர் தூக்கும்போது இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறோம் அல்லவா? இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றால் மூட்டை சாயும். அதே கணக்குத்தான் இதுவும். நோவுக் காலும் கம்பும் ஒரே நேரத்தில் முன்னால் போக வேண்டும். கம்பின் உயரம், செருப்புப் போட்டு நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் இடம். கவ்வாத்துக் கம்பை வெட்டிக் கொடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் அடியில் ரப்பர் பூண் கட்டாயம் போட வேண்டும். ஈரச் சீமெந்தில் வெறும் கம்பு வழுக்கும்.

படிக்கட்டுக்கு ஒரு வாசகம் பாடமாக்கி வையுங்கள்: ஏற நல்ல கால், இறங்க நோவுக் கால். ஏறும்போது நல்ல கால் முதலில் மேல் படிக்குப் போய் உடம்பைத் தூக்கும். இறங்கும்போது கம்பும் நோவுக் காலும் முதலில் கீழ்ப் படிக்குப் போகும், நல்ல கால் மேலே நின்று பாரத்தைத் தாங்கும். வீட்டார் ஏறும்போது பின்னாலும், இறங்கும்போது முன்னாலும் நிற்க வேண்டும். லயத்துக்குப் போகும் மண்படியில் மழை நாளில் இந்தப் பயிற்சி வேண்டாம்.

இளவயதுக்காரர் சிலருக்கு எலும்பு முறியாமலே இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு விளிம்பு கிழிந்து, சிறு துளை போட்டுக் கமரா விட்டு ஒபரேசன் செய்வார்கள். தழும்பு சின்னது என்பதால் காயமும் சின்னது என்று நினைத்து அடுத்த வாரமே மலைக்கு ஏறி விடக்கூடாது. சில வாரம் ஊன்றுகோலில் பாரத்தைக் குறைத்து நடந்து, பிறகு பயிற்சி செய்து, கடும் வேலைக்குப் போக மாதக்கணக்கு ஆகும். அதன் பயிற்சி முறை வேறு. மேலே சொன்னதைப் பார்த்து அவர்கள் செய்ய வேண்டாம்.

சாப்பாடும் பத்தியமும்

ஒபரேசன் செய்த வீட்டில் முட்டை கூடாது, மீன் கூடாது, புண் சீழ் பிடிக்கும் என்று சொல்லி, வெறும் சோறும் இரசமும் கொடுப்பார்கள். இந்தப் பத்தியத்தால் புண் ஆறுவது தாமதமாகும். புண் ஆறவும் சதை வளரவும் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, கடலை, மீன், நெத்தலிக் கருவாடு, தயிர், பால்மா, எது முடியுமோ அதைக் கொடுங்கள். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் எலும்புக்குக் கல்சியமும் சேரும். முருங்கைக்கீரை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் நல்லது. காலை வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். தேத்தண்ணி வேண்டாம் என்று நம் ஆட்களிடம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் சாயத்தண்ணியைச் சோற்றோடு சேர்த்துக் குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராது. ஒபரேசனில் இரத்தம் குறைந்தவர்களுக்கு இது முக்கியம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும்.

சின்னதாக விழுந்து இடுப்பு முறிந்தவருக்கு எலும்பு ஏற்கனவே தேய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது வேகமாக நடக்கும். எலும்புக்கு மருந்து வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்

திடீரென்று கடும் நோவு வந்து, கால் கட்டையாகி நிற்கவே முடியாமல் போனால் உருண்டை நழுவியிருக்கலாம். காயத்தில் இருந்து சீழோ நீரோ வடிந்தால், சுற்றிலும் சிவந்து சுட்டால், குளிர் காய்ச்சல் வந்தால் காயத்தில் கிருமி. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி இறுகி நோவெடுத்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தைலம் போட்டு உருவக் கூடாது, ஒத்தடமும் கொடுக்கக் கூடாது. மூச்சு வாங்கி நெஞ்சு நோவு வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990க்கு அழையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் இடையில் நிறுத்த வேண்டாம். சொந்தமாகத் திரும்ப முடியாமல் படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பி, முதுகையும் குதிகாலையும் பார்க்க வேண்டும்.

பேர் போகிற கவலை

இவ்வளவையும் யார் செய்வது? மருமகள் வீட்டில் நின்றால் அன்றைய பேர் போய்விடும். இரண்டு கிழமை நின்றால் அந்த மாதச் சம்பளத்தில் பெரிய ஓட்டை. அதனால்தான் பல வீடுகளில் விடியற்காலை சோற்றையும் தண்ணீரையும் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகிறார்கள். போகாமல் இருக்க முடியாது என்பதும் தெரிந்ததே. ஆனாலும் பங்கு போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம். பெரட்டுக்கு முன் ஒரு நடை, பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது ஒரு நடை, பின்னேரம் ஒரு நடை. இடையில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஒருவர் வந்து நின்று ஒரு நடை. முதல் இரண்டு கிழமை ஆள் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். மகன்மாரும் இதில் சேர வேண்டும். அம்மாவை நடக்க வைப்பது மருமகளின் வேலை மட்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

விழுந்தது வேலை நேரத்தில் மலையிலோ ஸ்டோரிலோ என்றால், அன்றைக்கே வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லிப் பதிவு செய்விக்க வேண்டும். 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க அந்தப் பதிவும் வைத்தியச் சான்றிதழும் வேண்டும். வேலைக்குத் திரும்புவது பற்றி வைத்தியர் எழுதித் தரும் வரை கூடை சுமக்கவோ சரிவில் ஏறவோ கூடாது. எலும்பு பொருந்தச் சாதாரணமாக மூன்று மாதம் அளவில் ஆகும். பலம் திரும்புவதற்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடமும் எடுக்கும். இலேசான வேலை கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் அந்தத் துண்டோடு என்னிடம் வாருங்கள், பெரிய துரையிடம் கதைக்கலாம்.

தையல் பிரிக்க 12 முதல் 14 நாள். தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே பிரிக்கலாமா என்று கார்டில் எழுதி வாங்கி வந்தால் ஒரு பயணம் மிச்சம். அடுத்த கிளினிக் பெரும்பாலும் ஆறாவது வாரம். பழைய எக்ஸ்ரே படத்தையும் கார்டையும் கொண்டு போக வேண்டும். படத்தைக் கூரை ஒழுகுகிற பக்கம் செருகி வைக்காதீர்கள். பஸ்சில் போவதானால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில். பஸ் படி உயரம் என்பதால் கூடப் போகிறவர் முன்னாலேயே கண்டக்டரிடம் சொல்லிவிட்டால் பஸ் நின்ற பிறகு மெதுவாக இறங்கலாம்.